மட்டில்டா வே சாலையில் மோட்டார்ஹோம்: இருவராகக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வெயில் தணிந்ததும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில உட்பகுதியில் ஓடும் மட்டில்டா வே நெடுஞ்சாலையில் மோட்டார்ஹோம்கள், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டிகள், வரிசைகட்டத் தொடங்கிவிடும். கன்னமல்லா, சார்ல்வில், டாம்போ, பிளாக்கால், பார்கால்டின், லாங்ரீச், வின்டன், க்ளோன்கரி என்று ஊர் ஊராக வடக்கே போவார்கள். பெரும்பாலும் கணவன் மனைவி இருவர் மட்டும். ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்கள் செய்வது அதே பழைய தவறுகளைத்தான். தொடக்கத்தில் நாங்களும் செய்தவைதான் அவை. கூரை ஜன்னலை மூடாமல் கிளம்புவது, படியை மடிக்க மறப்பது எல்லாம் ஒரு முறை பட்டால் பழகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

எடை போடாமல் கிளம்புவது

பணத்தையும் பயணத்தையும் சேர்த்துக் கெடுக்கிற தவறு இதுதான். விற்கிற இடத்தில் “தாராளமா ஏத்தலாம்” என்பார்கள். அதை நம்பி, கையில் ஓர் எடைச்சீட்டுகூட இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கேட்டால், “வண்டி நல்லாத்தானே இழுக்குது” என்பார்கள். இன்ஜின் இழுக்கும். தாங்க வேண்டியது டயர்.

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய மொத்த எடை 4.5 டன் வரைக்கும்தான். அதனால் இருவருக்கான மோட்டார்ஹோம்கள் பல அந்த வரம்பை ஒட்டியே தயாரிக்கப்படுகின்றன. ஒரு வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,490 கிலோ, வெற்று எடை 3,850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 640 கிலோ ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் வெற்று எடை என்பது 10 லிட்டர் எரிபொருள் மட்டும் விட்டு, ஆள் ஏறாமல், தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது உள்ள எடை. எடை வரம்புகள் பொறித்த வண்டித் தகட்டில் எண் அடித்த பிறகு மாட்டிய பக்கக்கூரை, இரண்டாவது பேட்டரி, சோலார் தகடு எதுவும் அதில் வராது.

இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். இருவர் 150 கிலோ. 80 லிட்டர் டீசல் கூடுதலாக நிரப்பினால் 67. நல்ல தண்ணீர் 120 லிட்டர் என்றால் 120 கிலோ. வெந்நீர்க் கலனிலும் குழாய்களிலும் 20. ஒன்பது கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, உருளையோடு சேர்த்து 38. ஒரு தட்டுகூட உள்ளே வைக்கும் முன்பே 395 போய்விட்டது, மிச்சம் 245. துணிமணி 40, சமையல் பாத்திரம் 40, உணவும் பானமும் 60, நாற்காலி, மேசை, விரிப்பு 25, கருவிகள் 30, சிறிய ஜெனரேட்டர் 21, பேட்டரி சைக்கிள் இரண்டும் ஸ்டாண்டும் 65. மொத்தம் 281. ஆடம்பரம் என்று எதையும் ஏற்றாமலே 36 கிலோ அதிகம். பாத்திரம் கழுவிய அழுக்கு நீர்த் தொட்டியைக் காலி செய்யாமல், நல்ல தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் இன்னும் 80, 100 கிலோ.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, தப்பியது என்று அர்த்தமில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பின் ஆக்ஸிலைத் தாண்டி வெளியே தொங்குகிறது; அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். முன் பின் ஆக்ஸில்களுக்கு நடுவே 4 மீட்டர், ஸ்டாண்டு பின் ஆக்ஸிலிலிருந்து 2 மீட்டர் பின்னால் என்றால், அந்த 65 கிலோ பின் ஆக்ஸிலில் 97.5 கிலோவாக இறங்கும். முன் சக்கரத்திலிருந்து 32.5 கிலோவைத் தூக்கிவிடும். ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய வண்டிகள் முன் சக்கரத்தால் ஓடுபவை. அவை ஈரப் புல்லில் நின்ற இடத்திலேயே சுழல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலையோரம் நின்றுபோன வண்டிகளின் டயரைக் கழற்றிப் பாருங்கள். சாலையைத் தொடும் ட்ரெட் புதிது போல இருக்கும். உட்புறம் விரலை விட்டால் கறுப்பு மாவு மாதிரி ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வரும். தாங்க முடியாத எடையில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி, சூடேறி, உள்ளேயே அரைபட்டு உதிர்ந்த தூள் அது. வெடிக்கும்போது கிழிந்த ரப்பரும் கம்பியும் சக்கரக் கூண்டை உடைத்து, அடியில் ஓடும் கழிவுக் குழாயையும் மின்கம்பிகளையும் பிய்த்துப் போடும். பிறகு இழுவை வண்டிக்குப் பணம், டயர் லாரியில் வந்து சேரும்வரை விடுதிக்குப் பணம். எடை மீறியது தெரிந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

எடை போடும் முறை இதுதான். டீசல், தண்ணீர், உணவு, சைக்கிள் எல்லாம் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து, பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே எடைமேடைக்குப் போங்கள். கல்குவாரி, தானியக் கிடங்கு, நகராட்சிக் குப்பை மையம் என்று பல இடங்களில் எடைமேடை உண்டு. முதலில் முன் சக்கரங்கள் மட்டும், அடுத்து முழு வண்டி, கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் நடு எண்ணுக்கு நெருக்கமாக வர வேண்டும். இந்த மூன்றையும் வண்டித் தகட்டில் உள்ள மூன்று வரம்புகளோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

மீறியிருந்தால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள். டாம்போவிலிருந்து பிளாக்கால், அங்கிருந்து பார்கால்டின், அங்கிருந்து லாங்ரீச், எல்லாமே சுமார் 100 கிலோமீட்டர் இடைவெளி. ஒவ்வோர் ஊரிலும் குழாய் உண்டு. அங்கெல்லாம் பாதித் தொட்டி போதும். வின்டனிலிருந்து க்ளோன்கரி 340 கிலோமீட்டருக்கு மேல்; அந்த நீட்டத்துக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். டின் உணவு, கருவிப்பெட்டி போன்ற கனமானவற்றை இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவில், தரையோடு ஒட்டி வையுங்கள். ஸ்டாண்டில் தொங்குவதற்கு ஒரே தீர்வு, வீட்டிலேயே விட்டுவருவது.

காற்றை மாலையில் பார்ப்பது

டயர் ஆறியிருக்கும்போதுதான் அளவு சரியாக வரும்: அதிகாலையில், வண்டி நகரும் முன், வெயில் ஒரு பக்கத்து டயரைச் சுடும் முன். அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். சிபி முத்திரையுள்ள மோட்டார்ஹோம் டயர்களுக்குப் பின்னால் 80 பிஎஸ்ஐ வரை கேட்கும். எல்லா ஊர்க் காற்றுக் குழாயும் அந்த அளவுக்கு ஏற்றித் தராது. 100 பிஎஸ்ஐ தாங்கும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று கையில் இருக்கட்டும். ஓடும்போது சூட்டில் அழுத்தம் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். மறுநாள் காலை டயர் தளர்ந்து நிற்கும்.

டயருக்கு வயதும் உண்டு. பக்கச்சுவரில் டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மோட்டார்ஹோம் அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டி என்பதால், டயர் தேயும் முன்பே ரப்பர் இறுகிவிடும். ஆறேழு வயதைத் தாண்டியதோடு இந்தப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் பஞ்சர் ஒட்டும் திரவம் மட்டும்தான் இருக்கும். கிழிந்த பக்கச்சுவருக்கு அது உதவாது.

கரிசல் மண்ணில் இரவு தங்குவது

இந்த ஊர்களின் ஆற்றங்கரைத் தங்குமிடங்கள் அழகானவை, பலவற்றில் மண் கரிசல். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை போல இருக்கும். சில மில்லிமீட்டர் மழை விழுந்தால் போதும், டயரில் அப்பி, சக்கரக் கூண்டை அடைத்து, நாலு டன் வண்டியை அசையவிடாது. வானம் இருண்டால் அன்று மாலையே சரளைத் தரைக்கோ ஊருக்குள் இருக்கும் ஷோகிரவுண்டு என்ற கண்காட்சி மைதானத்துக்கோ மாறிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் குழி தோண்டாதீர்கள். ஓரிரு நாள் வெயில் வந்தால் தானாகக் காயும்.

வாடகை வண்டி என்றால் இன்னொன்று: தார் போடாத சாலையில் ஓட்டப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை.

தண்ணீரும் கழிவும் ஒரே குழாயில்

இந்தப் பகுதியின் பல ஊர்களுக்கு ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வின்டனில் அது சூடாகவே மேலே வரும், கந்தக வாடை அடிக்கும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் வாடை போய்விடும். உப்பு அதிகமான தண்ணீர் வெந்நீர்க் கலனில் படியும். குடிக்க மட்டும் 20 லிட்டர் கேன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவு கொட்டும் இடத்தில் இருக்கும் குழாய் கழிவறைக் கேசட்டை, அதாவது கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டியை, கழுவுவதற்கானது. குடிநீர் ஹோஸை அதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். இருவருக்குக் கேசட் இரண்டு மூன்று நாளில் நிறையும். ஃபார்மால்டிஹைடு கலந்த ரசாயனம் வேண்டாம். சிற்றூரின் செப்டிக் தொட்டியில் மலத்தை மட்கச் செய்யும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும்.

ரோடு ட்ரெயின் முந்தும்போது பிரேக் போடுவது

ரோடு ட்ரெயின் என்பது பல ட்ரெய்லர் கோத்த லாரி. மூன்று ட்ரெய்லர் கோத்தது 53.5 மீட்டர் வரை நீளும். அவ்வளவு எடையை அதன் ஓட்டுநரால் சட்டென்று நிறுத்த முடியாது. அவர் வலப்பக்கம் வந்த பிறகு வேகத்தை மெல்லக் குறைத்து, கோட்டுக்குள்ளேயே நேராகப் போங்கள். தார் விளிம்பை விட்டு இறங்காதீர்கள். காற்று முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆவது சேனல் லாரிக்காரர்களுடையது. பின்னால் வருகிறவரிடம் “பாதை காலியா இருக்கு” என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி.

டீசல்

பாதித் தொட்டி வந்ததும் நிரப்புங்கள். லாரிக்கான வேகக் குழாய் வேண்டாம்.

சனிக்கிழமை மதியம்

பல கடைகள் மூடிவிடும். ரொட்டி, மருந்து காலையிலேயே.

காஸ் சிலிண்டர்

முத்திரைத் தேதி 10 ஆண்டு கடந்தால் நிரப்பித் தர மாட்டார்கள்.

ஒருவர் மட்டும் ஓட்டத் தெரிந்து கிளம்புவது

அடுத்த ஊர் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவர்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் காலியான மைதானத்தில் இருவரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டி, கண்ணாடியைப் பார்த்துப் பின்னோக்கியும் எடுத்துப் பழகுங்கள். காஸை அடைக்கும் வால்வு, ஜாக்கி வைக்கும் இடம், ரேடியோ சேனல் மாற்றும் முறை மூன்றும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டி என்றால், ஒப்பந்தத்தில் ஓட்டுநராக இருவர் பெயரும் எழுதியிருக்கிறதா என்று சாவியை வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.