மூளை ஸ்கேனில் தெரியும் சிவப்பைத் தவறாகப் படிக்காதீர்கள்

"கோபம் வந்தால் மூளையின் இந்த இடம் எரிகிறது" என்று தலைப்பிட்டு, சாம்பல் நிற மூளைப் படத்தில் ஒரு சிவப்புத் திட்டைக் காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் மூளையின் நரம்புச் செல்களான நியூரான்கள் வேலை செய்வதையே நேரில் பார்த்துவிட்டதாக நினைக்கிறோம். மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

இந்தப் படத்தை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்கு நியூரான் தெரியாது, ரத்தம்தான் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அதை இறக்கிவிட்ட பிறகு சுற்றியுள்ள காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும். அதை வைத்தே மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் விஞ்ஞானி சேய்ஜி ஓகாவா காட்டினார். சிக்னலில் கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் சில சதவீதம்தான். அதைப் புள்ளியியல் சோதனையில் போட்டு வடிகட்டிய பிறகு கணினி பூசுகிற நிறமே அந்தச் சிவப்பு. வடிகட்டுவதில் அசட்டையாக இருந்தால் செத்த சால்மன் மீனின் மூளையிலும் சிவப்பு தெரியும். 2009-ல் அதை உண்மையாகவே செய்து காட்டினார்கள்.

அடுத்த தவறு, ஆக்சிஜன் தீர்ந்துபோனதால்தான் ரத்தம் ஓடி வருகிறது என்று நினைப்பது. 1986-ல் ஃபாக்ஸ், ரெய்க்கிள் என்ற ஆய்வாளர்கள் விரல்களில் அதிர்வு கொடுத்து அளந்தார்கள். மூளையில் அதற்கான பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற கணக்கு இங்கே செல்லாது. நியூரான்கள் சேதி பரிமாறும்போதே நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்கள் வெளியாகி, பக்கத்துச் சிறு தமனியின் தசையைத் தளர்த்திவிடுகின்றன. ரத்தக் குழாயைப் பாதம் போன்ற நுனிகளால் சுற்றிப் பிடித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நேரத்திலும் ஏமாறுவோம். விரலை ஒருமுறை சொடுக்குங்கள். நியூரான்களின் வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ரத்தத்தின் சிக்னல் உச்சிக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகும், வடிய இன்னும் நேரம் பிடிக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொரு தவறு. சிக்னல் குறைந்தால் நியூரான் சோர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். சரி, குழாய் எப்படி இருக்கிறது? மூச்சை அடக்கினால் கரியமில வாயு ஏறி, எந்த யோசனையும் இல்லாமலே மூளைக்கு ரத்தம் கூடும். ஒரு டம்ளர் காபியின் காஃபீன் அதைக் குறைக்கும். வயதானால், பல வருடம் ரத்த அழுத்தம் இருந்தால், குழாயின் நெகிழ்வு போய்விடும். அறுபது வயது தாத்தாவையும் இருபது வயதுப் பேரனையும் ஒரே பயிற்சி செய்யவைத்து, தாத்தா படத்தில் சிவப்பு மங்கலாக இருக்கிறதே என்று அவருடைய யோசிக்கும் திறனைக் குறை சொல்வது பெரிய அநியாயம். நல்ல ஆய்வாளர்கள் முதலில் மூச்சை அடக்கச் சொல்லி, அவருடைய குழாய் எவ்வளவு விரிகிறது என்று தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கவனம் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டுரின் நகரில் உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ, அடிபட்டு மண்டையோட்டில் திறப்பு விழுந்திருந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பைப் பதிவு செய்தார். நண்பகல் கோயில் மணி அடித்ததும் துடிப்பு எழும்பியது. ஜெபம் சொல்ல ஞாபகம் வந்ததா என்று கேட்டபோது மறுபடியும் எழும்பியது. இதயம்தான் வேகமாக அடித்ததோ என்ற சந்தேகம் வருமே! அதற்காக மோசோ அவருடைய முன்கையின் துடிப்பையும் கூடவே பதிவு செய்திருந்தார். அதில் மாற்றமே இல்லை.