சாவியைக் கழற்றியும் நிற்காத பென்ஸ்: பழைய சொகுசுக் காருக்குச் சின்னச் சாமான் தேடும்போது செய்யும் தவறுகள்

கொழும்பு, வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி, அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. எதிர்வீட்டு அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “தம்பி, உள்ளே யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார். பொனட்டைத் திறந்து, டீசல் பம்பின் மேலிருக்கும் ‘ஸ்டாப்’ நெம்புகோலை விரலால் அழுத்தினால்தான் அடங்கும். இரண்டு மாதம் அப்படித்தான் அதைத் தூங்கவைத்தேன்.

பம்பிலுள்ள நிறுத்தும் வால்வு போய்விட்டது என்று ஒரு கராஜில் சொன்னார்கள். பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான்கு சனிக்கிழமை அலைந்து, பழைய வால்வு ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டினோம். என்ஜின் முன்போலவே ஓடியது. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது பின் இடப்பக்கக் கதவுக்குள். விரல் நீளம்கூட இல்லாத ரப்பர் இணைப்பு ஒன்று வெடித்திருந்தது.

கதவுக்கும் என்ஜினுக்கும் என்ன உறவு? 1976இல் அறிமுகமான டபிள்யூ123 வரிசை டீசல் கார்களில் என்ஜினோடு சுழலும் ஒரு வெற்றிடப் பம்ப் இருக்கிறது. பிரேக்குக்கு உதவுவது, நான்கு கதவுகளையும் ஒரே சாவியில் பூட்டுவது, சாவியைத் திருப்பியதும் என்ஜினை நிறுத்துவது எல்லாம் அந்த ஒரே உறிஞ்சலால் நடக்கின்றன. கதவில் காற்றுக் கசிந்தால், நிறுத்தும் வால்வுக்குள் டீசலை அடைக்க வேண்டிய சவ்வுக்குப் போதிய பலம் வராது. பூட்டுக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் வாயைப் பொருத்தமான ஓர் அடைப்பால் இறுக மூடி, சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். என்ஜின் நின்றால் கோளாறு கதவுப் பக்கம். நிற்காவிட்டால் பிறகு வால்வைச் சந்தேகிக்கலாம். என்ன உடைந்தது என்று தெரியாமலே எதை வாங்குவது என்று தேடப் புறப்பட்டேன். எல்லாத் தவறுகளுக்கும் இதுதான் தாய்.

அதற்கு அடுத்த இடத்தில் நான் வைப்பது, கழற்றிய பழையதை எறிந்துவிடுவது. வேலை முடிந்ததும் கராஜில் தரையைக் கூட்டி, உடைந்த கிளிப், வாஷர், ரப்பர் எல்லாவற்றையும் குப்பையில் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு அது குப்பைதான். உங்களுக்கோ அதுதான் முகவரி. பழைய மெர்சிடிஸ் சாமான்களில் பெரும்பாலானவற்றின் உடம்பிலேயே இலக்கம் உண்டு. பிளாஸ்டிக்கில் என்றால் எழும்பிய எழுத்தாக இருக்கும். வெள்ளைச் சோக்குக் கட்டியை மேலே தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நாற்பது வருட அழுக்குக்குள்ளிருந்தும் இலக்கம் எழுந்து வரும். ஆங்கில எழுத்து ஏ, அதன்பின் பத்து இலக்கங்கள். முதல் மூன்று, அந்தச் சாமான் எந்த வரிசைக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அடுத்த இரண்டு, அது காரின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை. 72 என்றால் முன்கதவு, 42 என்றால் பிரேக்.

இந்த முதல் மூன்று இலக்கங்களில் ஒரு புதையல் இருக்கிறது. டபிள்யூ123க்குப் பின் வந்த டபிள்யூ124 காரிலிருந்து கழற்றிய ஒரு சாமானில் 123 என்றோ 201 என்றோ தொடங்கும் இலக்கத்தைக் காணலாம். தொழிற்சாலை பழைய அச்சையே தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது உங்கள் காரை மட்டும் அல்ல. அதன் அண்ணன், தம்பி எல்லோரையும்தான். டபிள்யூ123 ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்ட வரிசை. அதற்குச் சாமான் இல்லை என்று யாராவது கையை விரித்தால், அவரிடம் இல்லை என்பது மட்டுமே உண்மை.

இலக்கம் தேய்ந்துபோயிருந்தால் அடிச்சட்ட இலக்கத்தைப் பிடியுங்கள். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் காரிலேயே வாசியுங்கள். 240டி என்றால் டபிள்யூடிபி என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின் 123123 வரும். அதற்கு அடுத்த ஒற்றை இலக்கம் நமக்கு முக்கியம்: 1 என்றால் இடப்பக்க ஸ்டியரிங், 2 என்றால் வலப்பக்கம். முழு இலக்கத்தையும் கொடுத்தால் சரியான சாமான் இலக்கத்தைப் பட்டியலில் எடுத்துவிடலாம். “எண்பத்திரண்டு மொடல் பென்ஸ், டீசல்” என்று மட்டும் சொல்லி வாங்கிய சாமான் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்தான்.

வலம் இடம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. நாம் ‘டிரைவர் பக்கக் கண்ணாடி’ என்று எழுதி அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால், அவர்களுடைய டிரைவர் இடப்பக்கம் இருப்பவர் என்பதால் இடக் கண்ணாடி வந்து இறங்கும். உற்பத்தியாளரின் பட்டியலில் இடமும் வலமும் ஒரே பொருளில்தான் வழங்கும்: காருக்குள் அமர்ந்து முன்னால் பார்க்கும்போது உங்கள் இடக்கை, வலக்கை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. ஆகவே டிரைவர், பயணி என்ற சொற்களையே கடிதத்திலிருந்து நீக்கிவிடுங்கள். முன்விளக்குக் கண்ணாடியில் இந்தத் தவறு ஆபத்தாகவே முடியும். ஜெர்மனியில் ஓடிய காரின் கண்ணாடி, தாழ்ந்த வெளிச்சத்தை வலப்பக்க ஓரத்துக்கு அனுப்பும்படி வார்க்கப்பட்டது. இடப்பக்கமாக ஓட்டும் நாம் அதைப் பூட்டிக்கொண்டு இரவில் கொழும்பு–காலி வீதியில் போனால், எதிரே வருபவரின் கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் பாயும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடியின் கோடுகளை அருகில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இனி ஃபியூஸ். ஆறு மில்லிமீட்டர் தடிப்பும் இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, இரு முனையும் கூம்பிய சின்னஞ்சிறு துண்டு. வெள்ளை 8 அம்பியர், சிவப்பு 16, நீலம் 25. இதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் உலோகப் பட்டை அலுமினியமாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம். கடற்கரையிலிருந்து நடைதூரத்தில் கார் நிற்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் இதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அலுமினியப் பட்டையின் கூம்பு முனையில் சாம்பல் நிறப் பூச்சு படிந்திருக்கும். ஃபியூஸ் எரியவில்லை, பட்டை முழுதாக இருக்கிறது. ஆனாலும் வைப்பர் நிற்கிறது, ஹோர்ன் ஊமையாகிறது. விரலால் ஃபியூஸை இருந்த இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் எல்லாம் உயிர் பெறுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் வைப்பர் மோட்டார் தேடி அலைந்தவர்களை அறிவேன். செம்புப் பட்டை ஃபியூஸ் ஒரு பெட்டி வாங்கி, ஃபியூஸ் பிடிகளை மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்து, முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே சரி. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றுவதும், வெள்ளை இருந்த இடத்தில் நீலத்தைப் போடுவதும் ஃபியூஸைக் காப்பாற்றி வயரை எரிக்கும் வித்தை.

ரப்பரில் நம்மவர்கள் ஏமாறுவது வேடிக்கை, ரப்பர் விளையும் நாட்டில். பெட்டி பிரிக்காத, முப்பது வருடம் அலமாரியில் இருந்த ‘புதிய’ கதவு ரப்பரை மகிழ்ச்சியோடு வாங்கி வருவோம். ரப்பருக்கு வயது ஓட்டத்தில் மட்டும் கூடுவதில்லை, அலமாரியிலும் கூடுகிறது. வளைத்துப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இங்கேயே அச்சில் வார்த்துத் தருபவர்களின் வேலை சஸ்பென்ஷன் புஷ்களுக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் இயற்கை ரப்பர் எண்ணெயிலும் டீசலிலும் ஊதிக் களியாகிவிடும். அந்த இடங்களுக்கு எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்க வேண்டும். டீசல் இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும், நூல் பின்னிய மூன்று மில்லிமீட்டர்ச் சிறுகுழாயின் இடத்தில் மீன்தொட்டிப் பிளாஸ்டிக் குழாயைப் பூட்டிய காரையும் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது இறுகி, கசிந்து, காற்றை இழுத்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குப் பாவம் பற்றரிதான் திட்டு வாங்கியது.

ரோல்ஸ் ரொய்ஸ் வைத்திருப்பவருக்கு இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. 1965இல் வந்த சில்வர் ஷாடோவின் பிரேக் தொகுதி பிரேக் திரவத்தில் வேலை செய்வது. 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டோ மினரல் எண்ணெயைக் கேட்பது. ஒன்றின் சீல் மற்றதில் பிழைக்காது. ஒரு போத்தல் மாறி ஊற்றினாலே போதும், வீட்டை விற்கும் யோசனை வந்துவிடும்.

நட், போல்ட், பெயாரிங், ஓயில் சீல் ஆகியவற்றை ‘பென்ஸ் சாமான்’ என்று கேட்பது காசைக் கரியாக்கும். அவற்றில் பெரும்பாலானவை உலகப் பொது அளவுகள். பெயாரிங்கின் பக்கத்தில் 6303 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று விற்பவருக்குத் தெரியத் தேவையே இல்லை. போல்ட்டுகளுக்குப் பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் இருக்கின்றன. தலையில் 8.8 என்று இருந்ததற்கு 8.8க்குக் குறைந்ததை வாங்காதீர்கள், அவ்வளவுதான். பழைய ஜாகுவார்க்காரர்கள் மட்டும் இங்கே நிதானிக்க வேண்டும். எக்ஸ்ஜே6 போன்றவற்றில் அங்குலப் புரிகள். 5/16 அங்குல நுண்புரிப் போல்ட்டின் தடிப்பு 7.94 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் போல்ட்டோடு கண்ணால் வேறுபடுத்த முடியாது. ஆனால் ஒன்றில் அங்குலத்துக்கு 24 புரிகள், மற்றதில் ஏறத்தாழ 20. தொடக்கத்தில் ஏறுவதுபோல் இருக்கும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரை நீட்டிப் பிடிக்கும் உற்சாகம்தான் அலுமினிய என்ஜின் தலைகளின் எமன்.

உடைந்த பிளாஸ்டிக் கிளிப்பை முப்பரிமாண அச்சில் எடுப்பது இப்போது எளிது. ஆனால் பிஎல்ஏ என்ற மலிவான பிளாஸ்டிக் 60 பாகைக்கு அருகிலேயே இளகிவிடும். காலி முகத்திடலில் ஒரு மத்தியானம் கார் நின்றால் டாஷ்போர்டில் அது வெற்றிலைபோல் சுருளும். சூட்டைத் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் அல்லது நைலோன் கேளுங்கள். குரோம் பூச்சுக்குக் கொடுப்பதிலும் அவசரம் கூடாது. பழைய கைப்பிடிகளிலும் சின்னங்களிலும் பல துத்தநாகக் கலவை வார்ப்புகள். இரும்புக்கான அமிலத் தொட்டியில் அவற்றையும் சேர்த்துப் போட்டால் அம்மைத் தழும்போடு திரும்பி வரும்.

பஞ்சிகாவத்தைக்கு வருவோம். இரவில் தொலைந்த கண்ணாடியைக் காலையில் அங்கே காசு கொடுத்து வாங்கலாம் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பகிடி. பகிடியாக இருந்தாலும் பொனட் நட்சத்திரம், கண்ணாடி, ரேடியோ போன்றவற்றைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். மற்றபடி அங்கே பழைய கடைக்காரர்களின் நினைவு எந்தப் பட்டியலையும் வெல்லும். சனிக்கிழமை நெரிசலில் போய் “நானா, பென்ஸ் சாமான் இருக்கிறதா?” என்று வாசலில் நின்று கேட்டால் இல்லை என்ற பதிலும், இருந்தால் பென்ஸ் விலையும் கிடைக்கும். வார நாள் காலையில் போய், உடைந்ததை மேசையில் வைத்து, இலக்கத்தைச் சொல்லி, பேசாமல் நில்லுங்கள். அவர் அதைத் திருப்பிப் பார்ப்பார், உள்ளே போவார், வேறு காரின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வருவார். அப்படித்தான் எனக்கு அந்த ரப்பர் இணைப்பு கிடைத்தது. நான்கு வாங்கினேன், ஒரு கதவில் வெடித்தது மற்றவற்றில் வெடிக்காமல் இருக்காது.

இங்கே கிடைக்காததற்குத்தான் வெளிநாடு. மெர்சிடிஸின் கிளாசிக் சென்டர் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஃபெல்பாக்கில் 1993இலிருந்து இயங்குகிறது. அங்கும் நட்சத்திரம் பதித்த பெட்டிக்கு ஒரு விலை உண்டு. அதே சாமானை உண்மையில் செய்துகொடுத்த போஷ், லெம்ஃபோர்டர், ஹெல்லா போன்ற கம்பனிகளின் சொந்தப் பெட்டியில் பல நேரங்களில் விலை குறையும். ஒற்றைக் கிளிப்புக்காகப் பார்சல் வரவழைப்பதுதான் தவறு. நமது சுங்கம் பொருள், காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றையும் கூட்டித்தான் பெறுமதியைக் கணக்கிடும். அதன்மேல் 2024இலிருந்து 18 வீத வற் வரியும் இருக்கிறது. ஆகவே அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே வரி கட்டுவீர்கள். நான் ஒரு கொப்பியில் எழுதிவைத்து, வருடத்துக்கு ஒருமுறை, பழைய கார் வைத்திருக்கும் இரண்டு நண்பர்களோடு சேர்த்து வரவழைக்கிறேன்.

நான்கு சனிக்கிழமை தேடி வாங்கிய அந்த வால்வு இன்னும் என் பிஸ்கட் டின்னில், இலக்கம் எழுதிய துண்டோடு இருக்கிறது. நல்ல வால்வு. 240டி வைத்திருக்கும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன், முதலில் கதவுக் குழாயை அடைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தால்.