திறந்த மைதானத்தில் டிரம் கோர்: பிட் மைக்குகளில் புகும் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளை டிரம் கோரிலோ (மைதானத்தில் அணிவகுத்தபடி பித்தளைக் கருவிகளும் டிரம்மும் வாசிக்கும் குழு) பள்ளி மார்ச்சிங் பேண்டிலோ சேர்ந்துவிட்டால் பெற்றோருக்கும் வேலை வந்துவிடும். வண்டி தள்ள வேண்டும், கேபிள் சுற்ற வேண்டும். கொஞ்சம் மின்சாரம் தெரிந்த ஆள் என்று காதில் விழுந்தால் நேராக மிக்சர் முன்னால் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்கான குறிப்பு இது. சேனல், ஃபேடர், கெயின் எல்லாம் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிரம் கோர்களுக்கான டிசிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) போட்டிகளில் மைக்கும் ஸ்பீக்கரும் அனுமதிக்கப்பட்டது 2004இல். சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகள் 2009இல் வந்தன. அதற்கு முன் மைதானத்தின் முன் ஓரத்தில் நிற்கும் பிட் குழுவினர் மரிம்பாவையும் (மரக் கட்டைகள் கொண்டது) விப்ரஃபோனையும் (உலோகக் கட்டைகள் கொண்டது) கடினமான மேலட்டால், அதாவது தலை உருண்ட குச்சியால், ஓங்கி அடித்துத்தான் கேட்க வைத்தார்கள். இப்போது மென்மையாக வாசித்தாலும் கடைசி வரிசைவரை போகிறது. கூடவே காற்றும் ஜெனரேட்டரும் கூட்டத்தின் கூச்சலும் அதே ஸ்பீக்கர் வழியாகப் போகின்றன.

வெட்டவெளி நேரலையில் இரைச்சலைப் பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. மைக்குக்குள் போகும் முன் தடுத்தால் உண்டு. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான், மாற்றிச் செய்யாதீர்கள்.

படி 1: எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா மைக்கையும் திறந்து வைத்துவிட்டு, யாரையும் வாசிக்க விடாமல், ஸ்பீக்கர் பக்கம் போய் நின்று கேளுங்கள். காற்று என்றால் "டப்… புஃப்" என்று ஒழுங்கில்லாமல் வரும். மின்சார ஹம் என்றால் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் நிற்கும். ஜெனரேட்டர் என்ஜின் சத்தம் லோடு ஏற ஏற சுருதி மாறும். கூட்டமும் நெடுஞ்சாலையும் பரவலான "ஹோ".

சந்தேகம் இருந்தால் போனில் அலைவரிசை காட்டும் செயலி போதும். ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு நன்றாக இருக்கிறது. 60 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஒல்லியான குச்சி நின்றால் அது மின்சாரம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடு எழுந்து எழுந்து அடங்கினால் காற்று. ஐஃபோனில் அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் இலவச ஒலிமானி உண்டு. அதில் ஏ அளவுகோலில் பார்த்தால் கீழ்ச்சுருதி இரைச்சல் குறைவாகத்தான் தெரியும், சி அளவுகோலுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் உங்கள் எதிரி கீழ்ச்சுருதியில் இருக்கிறது.

படி 2: மைக்கை நெருக்கி வையுங்கள்

மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் கருவியின் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம். சுற்றுப்புற இரைச்சலும் அதே 6 டெசிபெல் இறங்கிவிடும். இது காசில்லாமல் கிடைப்பது.

மேலே ஸ்டாண்டில் தொங்கவிடும் மைக் எனக்குப் பிடிக்காது. காற்றுக்கு நேராக நிற்கிறது, மேலட் படுகிறது, பார்வையையும் மறைக்கிறது. மரிம்பாவுக்கும் விப்ரஃபோனுக்கும் கட்டைகளின் அடியில், ஃபிரேமில் கிளாம்ப் போட்டு, மேல்நோக்கிப் பொருத்துங்கள். கருவிக்கு இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும்) கண்டென்சர் மைக்: ஒன்று கீழ்ச்சுருதிப் பக்கம், ஒன்று மேல்சுருதிப் பக்கம். கட்டைகளே பாதிக் காற்றைத் தடுத்துவிடும். அடியிலிருந்து எடுக்கும்போது மேலட் படும் கூர்மை கொஞ்சம் மழுங்கும். 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றினால் சரியாகிவிடும்.

கிளாம்ப்புக்கும் மைக்குக்கும் நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விப்ரஃபோன் பெடல் மிதிக்கும் "தொம்", வண்டிச் சக்கரத்தின் கடகடப்பு எல்லாம் ஃபிரேம் வழியாக ஏறி வரும். காற்று என்று நினைத்துப் பலர் துரத்துவது இந்தச் சத்தத்தைத்தான்.

தனி வாசிப்பாளரின் மைக் வேறு வகைச் சிக்கல். அவர் பார்வையாளரைப் பார்த்து நிற்கிறார், மைக் அவரைப் பார்க்கிறது. அப்படியென்றால் மைக்கின் முகம் மைதானம் முழுவதையும், பின்னால் அணிவகுத்து டிரம் வாசிக்கும் டிரம்லைனையும் பார்க்கிறது. அங்கே ஸ்டாண்ட் மைக்கைவிட, கருவியின் வாயிலேயே பிடித்துக்கொள்ளும் கிளிப் மைக் எவ்வளவோ மேல்.

படி 3: காற்றுக்கு உறை

மைக்கோடு வரும் மெல்லிய ஃபோம் உறை தென்றலுக்குத் தாங்கும். கொடி படபடக்கும் காற்றென்றால் அதன் மேல் முடி உறை (ரோமம் போன்ற இழைகள் உள்ளது) போட வேண்டும். உறைக்கும் மைக் முகத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் பலன். இறுக்கிப் பிடித்த உறையின் மேல்பரப்பில் உண்டாகும் காற்றுச் சுழல் நேராக டயஃபிரத்தின் (மைக்குக்குள் அதிரும் சவ்வு) மேல் விழும். உறையை டேப் சுற்றி நசுக்கிவிடாதீர்கள். அடிப்பகுதியில் மட்டும் ரப்பர் பேண்ட் போதும்.

படி 4: ஹை-பாஸ் ஃபில்டரைக் கருவி பார்த்து வையுங்கள்

ஹை-பாஸ் ஃபில்டர் நாம் வைக்கும் அலைவரிசைக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடும். எல்லாச் சேனலிலும் 100 ஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அது அரைகுறை வேலை. ஒவ்வொரு கருவியின் மிகக் கீழான சுரம் எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும்.

விப்ரஃபோனின் கடைசிச் சுரம் சுமார் 175 ஹெர்ட்ஸ். எனவே 130 அல்லது 140 வரை தைரியமாக வெட்டலாம். மூன்றரை ஆக்டேவ் சைலோஃபோன் 349இல் தொடங்குகிறது, 250 வரை போகலாம். குளோக்கன்ஸ்பீல் அதைவிட மேலே, 400 வைத்தாலும் இசை குறையாது. மரிம்பாவில்தான் யோசிக்க வேண்டும். 4.3 ஆக்டேவ் கருவி 110 ஹெர்ட்ஸில் தொடங்கும், 85 போதும். 5 ஆக்டேவ் கருவி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதன் கீழ்ப்பக்க மைக்கில் 55இலிருந்து 60க்கு மேல் போகக் கூடாது. அதே மரிம்பாவின் மேல்பக்க மைக்கை 150க்கு மேலேகூட வெட்டலாம், கீழ்ச்சுரங்களை மற்ற மைக் பார்த்துக்கொள்ளும். ஆக, காற்று மிச்சமிருந்து உள்ளே வருவது ஒரே ஒரு மைக் வழியாகத்தான். நல்ல முடி உறை ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை எங்கே மாட்டுவது என்று இப்போது தெரிந்திருக்கும்.

படி 5: ஹம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

பயிற்சி மைதானத்தில் சுத்தமாக இருந்த அமைப்பு போட்டி நடக்கும் ஸ்டேடியத்தில் "ம்ம்ம்ம்" என்று பாடும். காரணம் பெரும்பாலும் இதுதான்: மிக்சர் வண்டியிலுள்ள ஜெனரேட்டரில் ஓடுகிறது, ஸ்பீக்கர் ஸ்டேடியத்தின் பிளக்கில் ஓடுகிறது. இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடி, 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் கேட்கின்றன.

கண்டுபிடிக்கும் வரிசை:

மாஸ்டர் ஃபேடரை முழுக்க இறக்குங்கள். ஹம் அப்படியே இருந்தால் கோளாறு மிக்சருக்குப் பிறகு, அதாவது ஸ்பீக்கர் இணைப்பில். ஹம் நின்றுவிட்டால் மிக்சருக்கு முன்னால். அப்போது மாஸ்டரை ஏற்றி, எல்லாச் சேனலையும் மியூட் செய்து, ஒவ்வொன்றாகத் திறங்கள். பத்தில் எட்டு முறை சிந்தசைசர் அல்லது லேப்டாப் சேனலில்தான் மாட்டும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர்.

தீர்வு: மிக்சர், சிந்தசைசர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து, ஒரே விநியோகப் பெட்டி வழியாக மின்சாரம் எடுக்கட்டும். அது முடியாத இடத்தில், ஹம் சிந்தசைசர் சேனலில் வருகிறதென்றால், சிந்தசைசருக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் இணைப்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை, அதாவது ஆடியோ கேபிளின் ஷீல்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை, தட்டுங்கள். விலை மலிவான பேட்டரி டிஐ வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதையே வாங்குங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். ஹம் போகும்தான். ஈரப் புல்வெளியில் உலோக ஃபிரேமைத் தொட்டு நிற்கும் பிள்ளைகளின் பாதுகாப்பும் சேர்ந்து போகும். அதைச் செய்யவே கூடாது.

ஈக்யூவில் 60 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டுவதும் பயன்படாது. 120, 180, 240 என்று மடங்குகள் வரிசையாக நிற்கும். அத்தனையும் வெட்டினால் மரிம்பாவே காணாமல் போய்விடும்.

ஒரே மூலம் என்னும்போது கணக்கும் பார்க்க வேண்டும். 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக் என்றால் 1800 வாட். தொடர்ந்து எடுப்பதற்கு அதில் 80 சதவீதம், 1440 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அடி எக்ஸ்டென்ஷனுக்கு 12 கேஜ் கம்பி. ஜெனரேட்டர் வாங்குவதானால் இன்வெர்ட்டர் வகை மட்டுமே. ஹோண்டா இயூ2200ஐ குறைந்த லோடில் 48, முழு லோடில் 57 டெசிபெல் என்கிறது அதன் விவரக்குறிப்பு. அதை வண்டியின் ஸ்பீக்கர் பக்கம், மைக்குகளுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

படி 6: வாசிக்காத மைக்கை மூடுங்கள்

என்னைக் கேட்டால் முழுக் குறிப்பிலும் முக்கியமானது இதுதான். 16 மைக் திறந்திருந்தால், 4 மைக் திறந்திருப்பதைவிட 6 டெசிபெல் கூடுதல் இரைச்சல் உள்ளே வரும். மைக் கூவுவதற்கான வாய்ப்பும் அதே அளவு கூடும்.

ஒலி குறைந்ததும் சேனலை மூடும் நாய்ஸ் கேட் போட்டால் தானாக மூடாதா? டிரம்முக்குச் சரி. மரிம்பாவில் மெல்லிய ரோல் வாசிக்கும்போது கேட் திறந்து திறந்து மூடித் திக்கும். கூட்டம் கத்தினால் அதுவே திறந்துகொள்ளும். இரைச்சல் அதிகமாக இருக்கும் நேரத்தில் ஏமாந்துபோகும் கருவியை நம்ப முடியாது.

இசைக்குறிப்பை எடுத்து, எந்த இடத்தில் எந்தக் கருவி இரண்டு மூன்று வரிக்கு மேல் சும்மா இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அதை மிக்சரில் காட்சிகளாக (எந்தச் சேனல் திறப்பு, எது மூடல் என்ற நிலைகள்) சேமியுங்கள். எக்ஸ்32, எம்32 வகை டிஜிட்டல் மிக்சரில் இது எளிது. டிரம்லைன் தனியாக வாசிக்கும் பகுதியில் பிட் மைக் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவாமல் அரை வினாடி மங்க விடுங்கள். இரைச்சல் திடீரென்று நின்றாலும் காது கவனித்துவிடும்.

படி 7: வாசிப்பவர்களின் காது

ஸ்பீக்கரைச் சரிசெய்தாயிற்று. ஆனால் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது பிட் குழுவுக்குப் பின்னால் இருக்கும் டிரம்லைன் கேட்காது.

மைதானத்தின் அகலம் 160 அடி. பின் ஓரத்திலிருந்து முன் ஓரத்துக்கு ஒலி வர சுமார் 140 மில்லிவினாடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் அரைத் தட்டே 167 மில்லிவினாடிதான். அதனால் பிட் பின்னாலிருந்து வரும் டிரம்லைனின் ஒலியைக் கேட்டு வாசிக்கிறது. டிரம் மேஜரின் (முன்னால் நின்று தாளம் காட்டி நடத்துபவர்) கையைப் பார்த்து வாசித்தால் முந்திவிடும். காது அடைபட்டதும் பிள்ளைகள் இயல்பாகச் செய்வது கையைப் பார்ப்பதுதான். கூட்டத்தின் கைதட்டலைப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம், அது தாமதமாகக் கேட்டுத் தாமதமாகத் தட்டுவது.

நடுவில் இருக்கும் ஒருவரை, பெரும்பாலும் டிரம்செட் அல்லது நடு மரிம்பா, முன்கூட்டியே நியமியுங்கள். சத்தம் மூடிக்கொண்டால் எல்லோரும் அவருடைய கையசைவைப் பிடிக்க வேண்டும். பயிற்சியில் மெட்ரோனோம் பெட்டியை மைதானத்தின் பின்னால், டிரம்லைனுக்கும் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் தவறான பழக்கம் ஏறும். வாரம் ஒரு முறை பார்வையாளர் பக்கத்திலிருந்து கூட்டச் சத்தப் பதிவை ஓடவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தவை

"மதியம் சரியாக இருந்தது, இரவில் நெடுஞ்சாலைச் சத்தம் கூடிவிட்டது" என்று கேட்பவர்கள் உண்டு. பிரமை இல்லை. சூரியன் மறைந்ததும் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது, ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளைகிறது. தொலைதூரச் சத்தம் வந்து சேர்கிறது. கெயின் அளவை மதியம் வைத்துவிட்டு அப்படியே விடாமல், இருட்டிய பிறகு ஒரு முறை பாருங்கள்.

டேப்லெட்டில் மிக்ஸ் செய்பவர்கள்: ஸ்டேடியம் நிரம்பியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நெரிசலில் அறுந்துவிடும், மியூட் எதுவும் வேலை செய்யாது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முடிந்தால் ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள்.

பழைய வயர்லெஸ் மைக்கில் திடீர் இரைச்சல் வந்தால் அதன் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்காவில் 2020 ஜூலைக்குப் பிறகு 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி செல்போன் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. அதில் மைக் பயன்படுத்துவது சட்டப்படியும் கூடாது. இரண்டாம் கையாக மலிவாக விற்பவை பல இந்த வகைதான்.

மழை: நனைந்த ஃபோம் மேல்சுருதியைத் தின்றுவிடும், மைக்குக்குள் ஈரமும் இறங்கி "சடசட" என்று பொரியும். மைக்குக்கு ஒன்றாக உலர்ந்த உறைகளை மூடிய டப்பாவில் வைத்திருங்கள். நனைந்ததைப் பிழிந்து திரும்ப மாட்டாதீர்கள். கண்டென்சர் மைக் பொரியத் தொடங்கினால் அந்தச் சேனலை மூடிவிட்டு, பக்கத்து மைக்கை 3 டெசிபெல் ஏற்றி நிகழ்ச்சியை முடித்துக்கொள்ளுங்கள். உலர்த்துவதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.