அமீரக வேலைக்குக் கிளம்புமுன் இனிஷியலைப் பாருங்கள்

போன வாரம் ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு பையன் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். திருவாரூர்ப் பக்கம். வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, அதற்குள் பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டில் இடம்) மாறுகிறான். பேச்சுவாக்கில், "டிகிரி சர்டிஃபிகேட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னு பி.ஆர்.ஓ திருப்பிட்டாருண்ணா" என்றான். பி.ஆர்.ஓ என்பவர் கம்பெனியில் விசா காகிதங்களைப் பார்ப்பவர். மேலே கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்தேன். 2011இல் நான் இதே ரோலாவில் இதே புலம்பலை வேறொரு அண்ணனிடம் புலம்பியிருக்கிறேன். அவரும் டீதான் கொடுத்தார்.

ஜெராக்ஸ் எடுத்து வை, போட்டோ பத்து வை, பெட்டியை எடை போட்டுப் பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மா சொல்வார். யாரும் சொல்லாததையும், சொன்னாலும் காதில் ஏறாததையும் மட்டும் எழுதுகிறேன்.

பெயர்

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "செல்வம் மு" என்று இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் "மு. செல்வம்". ஆதாரில் "செல்வம் முருகேசன்". பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டங்கள். இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர் பையன் என்ன தட்டுகிறானோ, அதுதான் உங்கள் பெயர். ஒருவன் சர்நேமைக் காலியாக விடுவான். இன்னொருவன் அப்பா பெயரை அதில் போடுவான். எனக்கு வாய்த்தவன் இரண்டாவது ரகம். அதனால் பதினான்கு வருஷமாக என் அப்பா பெயரில்தான் நான் இங்கே வேலை பார்க்கிறேன். சைட்டில் பாகிஸ்தானி ஃபோர்மேன் முதல் பிலிப்பினோ செக்ரட்டரி வரை எல்லோரும் என்னைக் கூப்பிடுவது அப்பாவின் பெயரைச் சொல்லித்தான். அவர் இருந்தவரை போனில் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

இதுவரை சிரிப்புதான். என் கைக்காசு போனது கல்யாணச் சான்றிதழில்.

2013இல் மனைவியைக் கூட்டிவரலாம் என்று முடிவெடுத்தேன். ஃபேமிலி விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் அட்டெஸ்டேஷன், அதாவது அரசு முத்திரைச் சான்று, ஆகியிருக்க வேண்டும். முதலில் மாநில அரசு, அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், அடுத்து இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு படிக்கும் ஒரு முத்திரை, ஒரு கட்டணம், நடுவில் ஏஜென்சிக்குத் தனியாக. எல்லா முத்திரையும் வாங்கிவிட்டேன். எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். கையெழுத்து உண்மையானதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பது அவர்கள் வேலையில்லை. இது தெரியாமல், அத்தனை முத்திரை விழுந்த காகிதத்தில் தப்பு இருக்காது என்று நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கையில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் எடுத்து, வருஷ வாடகைக்கு நாலு செக் கொடுத்து, டபுள் கட்டிலும் பீரோவும் வாங்கிப் போட்டேன். பிறகுதான் விசா விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு மலையாளி. சான்றிதழின் அரபி மொழிபெயர்ப்பை ஒரு கையிலும் மனைவியின் பாஸ்போர்ட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "அண்ணா, இது ரெண்டும் ரெண்டு ஆளல்லே?" என்றார்.

சான்றிதழில் மனைவி பெயர் ஒரு இனிஷியலோடு நின்றிருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுசாக இருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். அரபியில் மாற்றியபோது அந்த ஒற்றை எழுத்து வெறும் ஒரு ஓசையாகிவிட்டது. அதற்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லீவு போட்டு ஊருக்குப் போனேன். பதிவு அலுவலகத்தில் திருத்தம் கேட்டு அலைந்தேன். திருத்திய சான்றிதழ் புதுக் காகிதம் என்பதால் பழைய முத்திரைகள் எல்லாம் வீண். முதல் படியிலிருந்து மறுபடியும் ஆரம்பம், மறுபடியும் கட்டணம். ஐந்து மாதம் அந்த டபுள் கட்டிலில் நான் மட்டும் படுத்திருந்தேன். வாடகை செக் மட்டும் தவறாமல் போனது. மகன் நடக்க ஆரம்பித்ததை ஸ்கைப்பில் பார்த்தேன்.

இன்றைக்கும் வருகிறவர்களில் பாதிப்பேர் இதையே செய்கிறார்கள். கேட்டால், "ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் வாங்கிட்டேண்ணா" என்பார்கள். அது சில இடத்தில் செல்லும், சில இடத்தில் செல்லாது. கவுண்டரில் இருப்பவரின் மனநிலையை நம்பி ஃபிளாட்டுக்கு செக் எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, கல்யாணச் சான்றிதழ், மனைவி பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் ஆங்கிலத்தில் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டே கோணல் என்றால் முதலில் அதை ரீ-இஷ்யூவில் சரிசெய்யுங்கள். எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் அட்டெஸ்டேஷன்.

சர்நேம் காலியாக இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்றக்கூடாது என்று விமான நிறுவனங்களுக்குத் தகவல் வந்தது. அப்பா பெயர் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். நடுவில் ஏர்போர்ட் வரை போய்த் திரும்பியவர்களும் உண்டு.

கல்யாணத்தையே பதிவு செய்யாதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். மண்டப ரசீதை எந்தத் தூதரகமும் ஏற்காது.

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது

"நாலாயிரம் திர்ஹம்ணா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அதில் பேசிக், அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்றால் முழிப்பார்கள்.

வேலையை விட்டுக் கிளம்பும்போது வரும் கிராஜுவிட்டி பேசிக் சம்பளத்தில்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். 4,000இல் பேசிக் 1,600 என்றால் வருஷத்துக்கு 1,120 திர்ஹம், ஐந்து வருஷத்தில் 5,600. அதே 4,000இல் பேசிக் 2,400 என்றால் 8,400. மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான். எடுக்காத லீவுக்கு வரும் காசும் இதே பேசிக்கில்தான். ஆஃபர் கையெழுத்தாகும் முன் வாய் திறந்து கேட்டால் சில கம்பெனிகள் மாற்றித் தருகின்றன. சேர்ந்தபின் கேட்டால் எச்.ஆர் சிரிப்பார்.

இன்னொன்று. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களையும்தான் சொல்கிறேன். தமிழில் படித்தால்தான் நமக்குக் கேள்வி வரும்.

"விசிட்ல போ, அங்க மாத்திக்கலாம்"

இதைச் சொல்லும் ஏஜென்ட் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால், நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே ஆதாரம் இருக்காது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு) இருக்கும். அவர்கள் வேலைக்கு வர, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சம் காப்பீடு. ஏஜென்ட் விசிட்டில் அனுப்புவதே இந்தப் பாதுகாப்பையெல்லாம் தாண்டிக் குதிக்கத்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எங்கள் ரூமில் இருந்த ஒரு கொத்தனார் ஒன்றரை லட்சம் கொடுத்து வந்தார், அதுவும் மனைவியின் தாலிக்கொடியை வைத்து. அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே சொல்லாத தம்பி" என்றார்.

கசகசா

வேண்டாம். குருமாப் பொடியில் அரைத்துக் கலந்ததும் வேண்டாம். இங்கே அது போதைப்பொருள் கணக்கு.

மாத்திரை

கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை இரண்டும் முன்அனுமதி இல்லாமல் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு.

பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்து வைப்பது

விசா வேலைக்கு வாங்குவார்கள், சரி. முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். பிடித்து வைப்பது இந்த நாட்டுச் சட்டப்படியே தவறு.

பேங்க்

வெளிநாடு வந்தபின் ஊர் சேவிங்ஸ் கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் காசுக்கு என்.ஆர்.ஈ என்ற தனிக் கணக்கு. கிளம்புமுன் மேனேஜரைப் பார்த்துப் படிவம் வாங்கிவிடுங்கள். ஓ.டி.பி வரும் ஊர் சிம்மைச் சாகவிடாதீர்கள்.

லைசென்ஸ்

இந்திய டிரைவிங் லைசென்ஸ் இங்கே நேரடியாக மாறாது. டிரைவர் வேலை என்றால் டெஸ்ட் செலவு யாருடையது என்று ஆஃபரிலேயே எழுதி வாங்குங்கள்.

ஜூலையில் வந்து இறங்குவது

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வெயில் எப்படி என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். சைட் வேலைக்கு வருகிறவர் கையில் தேதி இருந்தால் அக்டோபர் கேளுங்கள்.