கொழும்பின் புறநகரில் முதல் வீடு: பகுதியைத் தெரிவு செய்யும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு தேடத் தொடங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு திசைகளையே பார்க்கின்றன. ஒன்று, காலி வீதி வழியே தெற்காகத் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை. மற்றையது, களனி ஆற்றைக் கடந்து வடக்காக வத்தளை, மாபோளை, ஹெந்தளை. பலர் முதலில் ஒரு வீட்டைப் பார்த்து, அது மனதுக்குப் பிடித்துப்போய், அதன்பின் அந்தப் பகுதி தமக்குச் சரிவரும் என்று காரணம் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பகுதி முதலில், வீடு இருக்கும் ஒழுங்கை (சிறு தெரு) அடுத்தது, வீடு கடைசியில்.

படி 1: கையிலுள்ள பணத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

காணி விலை பேர்ச் கணக்கில் பேசப்படும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஆகவே எட்டு பேர்ச் காணி 2,178 சதுர அடி. பேசி முடித்த விலையோடு செலவு நின்றுவிடாது. வீடு கைமாறும்போது வாங்குபவர் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முதல் ஓர் இலட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக அது கணிக்கப்படும். இரண்டு கோடி ரூபாய் பெறுமதியான வீட்டுக்கு இது மட்டுமே 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம், வங்கிக் கடனுக்கான மதிப்பீட்டுச் செலவு ஆகியவை இதற்கு மேலதிகம். இவற்றைக் கழித்த பின் எஞ்சும் தொகையைக் கொண்டே பகுதிகளை ஒப்பிடுங்கள்.

படி 2: போக்குவரத்தை வேலை நாளில் சோதியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு பார்க்கப் போனால் எல்லாப் பகுதியும் கொழும்புக்கு அருகில் இருப்பதாகவே தோன்றும். திங்கட்கிழமை காலையில், அந்த ஒழுங்கையின் வாசலிலிருந்து உங்கள் அலுவலகம் வரை பேருந்திலோ புகையிரதத்திலோ ஒருமுறை போய்ப் பாருங்கள். தெற்குப் பகுதிக்குக் கரையோரப் புகையிரதப் பாதையும், காலி வீதியில் ஓடும் 100ஆம், 101ஆம் இலக்கப் பேருந்துகளும் பெரிய பலம். வத்தளையில் நீர்கொழும்பு வீதியே உயிர்நாடி. புகையிரத நிலையமோ நகரிலிருந்து விலகி ஹுணுப்பிட்டியில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக வீதியும் 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய களனிப் பாலமும் வாகனம் உள்ளவர்களுக்கு உதவுகின்றன. பேருந்தை நம்பியிருப்பவர்களுக்கு அவற்றால் கிடைக்கும் பயன் குறைவு. நுகேகொடை, மகரகம பக்கம் பார்ப்பவர்கள், களனிவெளிப் புகையிரதப் பாதை ஒற்றைத் தண்டவாளம் கொண்டது என்பதையும் 138ஆம் இலக்கப் பேருந்தே அங்கு பெரும்பாலானோரின் துணை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 3: பிள்ளையின் பாடசாலையை இப்போதே யோசியுங்கள்

தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் கொழும்பில் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் அவை நெருங்கி இருக்கின்றன. தெற்கே இரத்மலானையில் இந்துக் கல்லூரி இருக்கிறது. அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெரும்பங்கு இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பிரிவில், பெற்றோர் முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கான வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் பதிவாகியிருப்பதும் வீட்டின் உரிமை ஆவணமும் புள்ளிகளைத் தீர்மானிக்கின்றன. விரும்பும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டவாக, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைக்கப்படும் என்பதைப் பலர் விண்ணப்பிக்கும் நாளில்தான் அறிகிறார்கள். பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது வாங்கும் வீட்டுக்கும் நான்கு வயதில் வாங்கும் வீட்டுக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. கல்வி அமைச்சின் நடப்பாண்டுச் சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்கும் வீட்டைச் சுற்றியுள்ள பாடசாலைகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள்.

படி 4: தண்ணீர் எங்கே ஏறும் என்று கண்டறியுங்கள்

மற்ற எந்தப் படியை அவசரமாகக் கடந்தாலும் இதை அவசரப்படுத்தக் கூடாது. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி ஆறு பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல, களனி ஆகிய பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. ஆற்றங்கரை மட்டும் ஆபத்தான இடம் என்று எண்ண வேண்டாம். ஹெந்தளைப் பக்கம் ஹமில்டன் கால்வாயும் முத்துராஜவெல சதுப்பு நிலமும் இருக்கின்றன. தெகிவளைக்குப் பின்புறம் பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம் இருக்கிறது. வயலையோ தாழ்நிலத்தையோ நிரப்பி விற்கப்படும் காணியில் மழைநீர் தேங்குவதோடு, காலப்போக்கில் நிலம் அமர்ந்து சுவரில் வெடிப்பும் விழலாம். வயல் நிலத்தை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும் என்பதால், அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒழுங்கைக்குள் நடக்கும்போது மதிற்சுவர்களின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். ஒரே உயரத்தில் பல வீடுகளில் நிறம் மாறிய கோடு ஓடினால் அது வெள்ளம் விட்டுச்சென்ற அடையாளமாக இருக்கலாம். மின் செருகித் துளைகள் இடுப்புக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கின்றனவா, அயல் வீடுகளின் தரை வீதியைவிட மூன்று நான்கு படி உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கை முனையிலுள்ள கடைக்காரரிடம், "ஐயா, அந்த 2016 வெள்ளத்துக்கு இங்கே எதுவரைக்கும் தண்ணி ஏறினது?" என்று நேராகக் கேட்டால் அவர் கையைக் காட்டியே சொல்லிவிடுவார். தரகரிடம் கேட்பதைவிட இது நம்பகமானது. பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை போய்ப் பார்ப்பது மிகவும் நல்லது.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வெள்ளம் பெரும் கவலையாக இராது. ஆனால் உப்புக்காற்று சன்னல் கம்பிகளையும் குளிரூட்டியின் வெளிப்பாகத்தையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பராமரிப்புச் செலவில் அதையும் சேருங்கள்.

படி 5: அந்த இடத்தில் சில மாதம் வாழ்ந்து பாருங்கள்

முடியுமானால் தெரிவு செய்த பகுதியிலேயே முதலில் வாடகைக்கு இருங்கள். குப்பை எந்த நாளில் எடுக்கப்படுகிறது, குழாய் நீர் மேல்மாடி வரை ஏறுகிறதா, இரவில் ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிறதா என்பவை அங்கே வாழ்பவருக்கே தெரியும்.

படி 6: ஆவணங்களைப் பாருங்கள்

ஒரே பகுதி என்று நாம் நினைக்கும் இடங்கள் வெவ்வேறு உள்ளூராட்சிச் சபைகளின் கீழ் வரலாம். தெகிவளையும் இரத்மலானையும் தெகிவளை கல்கிசை மாநகர சபைக்கு உட்பட்டவை. வத்தளையோ கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. உரிய சபையிடமிருந்து வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பெற்று, எதிர்கால வீதி அகலிப்புக்குக் காணியின் எந்தப் பகுதி போகும் என்று பாருங்கள். ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாகனத் தரிப்பிடம் முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அகப்படலாம். கட்டிய வீடு என்றால் அனுமதிக்கப்பட்ட வரைபடமும், அதன்படியே கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுத் தோம்பை, அதாவது காணி யார் யாரிடம் கைமாறியது என்ற பதிவை, உங்கள் நொத்தாரிசு பார்க்கட்டும். விற்பவரின் நொத்தாரிசு பார்த்ததாகச் சொல்வது போதாது. அடுக்குமாடி வீடாயின், ஒவ்வொரு வீட்டையும் தனி உரிமையாகப் பிரித்துக் காட்டும், பதிவு செய்யப்பட்ட கூட்டாதனத் திட்டம் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

படி 7: முற்பணத்தை எழுத்தில் கொடுங்கள்

ஒரு வீடு பிடித்துவிட்டால், வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற அவசரத்தில் சிலர் சாதாரண பற்றுச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தை விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட்டால்தான் சட்ட வலுப் பெறும். ஆகவே முதலில் தோம்பு பார்த்த அறிக்கை கையில் கிடைக்க வேண்டும். பிறகு, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பத் தரப்படும் என்ற நிபந்தனையையும் சேர்த்து உடன்படிக்கையை எழுதுவித்து, கைச்சாத்திடும் அந்த மேசையிலேயே, வங்கிக் காசோலையாக முற்பணத்தைக் கொடுங்கள்.