ட்ரோன் சத்தமா? கலங்கிய காற்றை விட்டு விலகுங்கள்

கல்யாணங்களுக்கு ட்ரோன் பறக்கவிடுவது என் வேலை. “தம்பி, நாதஸ்வரமே கேட்கலை, அதைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோங்க” என்று ஒரு பெரியவராவது சொல்லாத முகூர்த்தம் இல்லை. ரொம்ப நாள் மோட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றம் காற்றுடையது.

முதலில் காதால் பிரித்துக் கேளுங்கள். ‘ஙொய்’ என்று ஒரே சுருதியில் வருவது ப்ரொப்பல்லர் பிளேடு சுற்றும் கணக்கு. நிமிடத்துக்கு 6000 சுற்று, இரண்டு பிளேடு என்றால் 200 ஹெர்ட்ஸ். கூடவே ‘உஸ்ஸ்’, ‘கரகர’ என்று வருவதுதான் கலங்கிய காற்று. பிளேடின் முன்விளிம்பு (காற்றை முதலில் வெட்டும் ஓரம்) காற்றுச் சுழல்களில் மோதும்போதும், மேற்பரப்பில் கலங்கிய காற்று பின்விளிம்பை (காற்று விட்டுப் பிரியும் ஓரம்) கடக்கும்போதும் அது பிறக்கிறது.

சந்தேகமா? மொட்டை மாடி நடுவில் ட்ரோனை அந்தரத்தில் நிறுத்திக் கேளுங்கள். அப்புறம் மெல்லக் கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்த்துங்கள். கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு, சுவரோடு ஏறி, திரும்பவும் ப்ரொப்பல்லருக்குள்ளேயே போகும். சீராக இருந்த சத்தம் முரடாகிவிடும். மண்டபச் சுவர், பந்தல் ஓரம் எதையும் ஒட்டிப் பறக்காதீர்கள்.

இறக்கும்போது நேர் கீழே இறக்குகிறார்கள் பாருங்கள், அதுவும் தப்பு. தான் கலக்கிவிட்ட காற்றிலேயே ட்ரோன் போய் இறங்கி, ‘படபட’ என்று அடித்துக்கொள்ளும். முன்னே நகர்த்தியபடி சாய்வாக இறக்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு முன்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் ப்ரொப்பல்லரை மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை கஞ்சத்தனமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சமன் கெட்டு, ஒரு ரிசப்ஷன் வீடியோ முழுக்க ஜெல்லி மாதிரி ஆடியது.

ப்ரொப்பல்லர் வாங்கும்போது, உங்கள் மாடலுக்குப் பொருந்துவதில் மெதுவாகச் சுற்றுவதைப் பாருங்கள். பின்விளிம்பு இரைச்சலின் ஆற்றல் வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறும். பிளேடு நுனி வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே அந்த ஆற்றலில் சுமார் 40 சதவீதம் போய்விடும். 2017-ல் மேவிக் ப்ரோ பிளாட்டினம் என்ற ட்ரோன் வந்தபோது, புது ப்ரொப்பல்லராலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புது மின்சுற்றாலும் சத்தம் 4 டெசிபல் வரை குறைவு என்று அதைத் தயாரித்த டிஜேஐ நிறுவனம் சொன்னது.

மிச்சத்துக்குத் தூரம்தான் மருந்து. திறந்த வெளியில் 15 மீட்டரை 30 ஆக்கினால் 6 டெசிபல் இறங்கும். மந்திரம் ஓதும்போது நான் தள்ளியே நிற்பேன். கெட்டிமேளம் தொடங்கியதும் கொஞ்சம் கிட்டே வரலாம், அப்போது யார் காதிலும் விழாது.