ரிப்பேர் பண்ணுன பேஸ் ஆம்ப்ப எப்படி டெஸ்ட் பண்ணி பயாஸ் வெக்கறதுங்க? குண்டு பல்புல ஆரம்பிக்கலாம் வாங்க

போன பங்குனி நோம்பி முடிஞ்ச கையோட கோபிப் பக்கத்துல இருந்து ஆர்கெஸ்ட்ராகாரங்க ஒரு பேஸ் கிட்டார் ஆம்ப் கொண்டாந்தாங்க. மேடையில ஸ்பீக்கர் வயரு மிதிபட்டு ஷார்ட்டாகி அவுட்புட் ட்ரான்சிஸ்டர் நாலுல ரெண்டு போயிருச்சு. பயாஸ்னா பாட்டு ஒண்ணும் வராதப்பவும் இந்த ட்ரான்சிஸ்டருங்கள்ல ஓடற சின்னக் கரண்டுங்க. கழட்டி மாத்தறது பெரிய வேலையில்லீங்க, மாத்தி முடிச்சு சுச்சு போடறோம் பாருங்க அந்த ஒரு நிமிசந்தான் வயித்தக் கலக்கும். புதுசுல நான் நேரா கரண்ட்ல சொருகி, ஸ்பீக்கரையும் மாட்டி, சுச்சப் போட்டு, அவுட்புட்ட ஓட்டற ட்ரைவர் ட்ரான்சிஸ்டர் ஷார்ட்டாயிருந்தத பாக்காம உட்டதுல புது ட்ரான்சிஸ்டர், ஸ்பீக்கர் காயில் ரெண்டும் ஒண்ணா புகைஞ்சு போச்சு. 40 வோல்ட் டிசி 6 ஓம் காயில்ல நின்னா 260 வாட்ஸுக்கு மேல வெறும் சூடுங்க, காயில் என்ன பண்ணும் பாவம்.

அதனால ஸ்பீக்கர் கடைசி. மொதல்ல மல்டிமீட்டர எடுத்து, கரண்ட் இல்லாம, ட்ரான்சிஸ்டரோட கலெக்டர் காலுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்ட வாங்கற அலுமினியப் பட்டை) நடுவுல கன்டினியூட்டி வருதான்னு பாருங்க. பீப் சத்தம் வந்தா ரெண்டையும் ஒட்டாம பிரிக்கற மைக்கா ஷீட் ஓட்டையாயிருக்கு, இல்ல ஸ்க்ரூவுக்குப் போடற புஷ்ஷ மறந்துட்டீங்க.

அப்பறம் சீரிஸ் போர்டு. 100 வாட்ஸ் குண்டு பல்ப ஃபேஸ் வயர்ல தொடரா குடுத்து அது வழியாத்தான் ஆம்புக்கு கரண்ட் போகோணும், எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. எர்த்து வயர மட்டும் பல்பு வழியா உடாம நேரா குடுங்க, அத எந்தக் காரணத்துக்கும் கழட்டவே வேண்டாம். இன்னொண்ணு, பல்பு இருக்குதேன்னு உள்ள கைய உட்றாதீங்க, அது ஆம்ப்பத்தான் காப்பாத்தும், உங்கள இல்ல, ட்ரான்ஸ்பார்மர் முனையில அப்பவும் 230 வோல்ட் நிக்கும்.

இன்புட்ல ஒண்ணும் சொருகாம, வால்யூம் சைபர்ல வெச்சு, பயாஸ் ப்ரீசெட்ட (ஸ்க்ரூடிரைவர்ல திருப்பற சின்ன ரெசிஸ்டர்) கம்மியான பக்கம் திருப்பி வெச்சுட்டு ஆன் பண்ணுங்க. எந்தப் பக்கம் கம்மிங்கறது போர்டுக்கு போர்டு மாறும், சர்க்யூட்ட பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். பயாஸ் ட்ரான்சிஸ்டரோட (பயாஸ நிறுத்தி வெக்கறது இதுதான்) பேஸ் (base) காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவுல ப்ரீசெட் இருந்தா ரெசிஸ்டன்ஸ் முழுசா இருக்கற பக்கந்தான் கம்மி, கலெக்டர் பக்கம் இருந்தா அப்படியே தலைகீழு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு ஒரு ரெண்டு செகண்டுல மங்கிப் போகோணும். மங்காம எரிஞ்சிட்டே இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க, எங்கியோ ஷார்ட் இன்னும் இருக்குது.

பல்பு மங்கிருச்சா, ஸ்பீக்கர் சாக்கெட்டுல டிசி அளந்து பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதியா இருக்கலாம், வோல்ட் கணக்குல வந்தா ஸ்பீக்கர் பக்கமே போகாதீங்க.

சரி, இப்ப பயாஸ். பல்பு மாட்டியே பயாஸ் வெச்சா கணக்கு தப்பு, வோல்டேஜ் எறங்கியிருக்கும், அதனால பல்ப எடுத்தறோணும். ஆஃப் பண்ணி, பெரிய கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணையும் 100 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டர் வெச்சு காலி பண்ணி மீட்டர்ல உறுதிப்படுத்திக்குங்க, ஸ்க்ரூடிரைவர வெச்சு தீப்பொறி பறக்க உடற வீரமெல்லாம் வேண்டாம். அப்பறம் அவுட்புட் ட்ரான்சிஸ்டரோட எமிட்டர் ரெசிஸ்டர், அந்த வெள்ளக் கல்லு மாதிரி இருக்குமே, அதோட ரெண்டு காலுலயும் மீட்டர் கிளிப்ப மாட்டுங்க. ஆஃப்ல இருக்கறப்பவே மாட்டிருங்க, ஓடறப்ப ப்ரோப் வழுக்குனா போட்ட புது ட்ரான்சிஸ்டர் போச்சு.

சர்வீஸ் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் வேதம். மேனுவல் கெடைக்கலைன்னா நான் ஒரு ட்ரான்சிஸ்டருக்கு 25 மில்லிஆம்ப்னு வெப்பேன். 0.22 ஓம் ரெசிஸ்டர்னா 5.5 மில்லிவோல்ட், 0.33னா 8 சொச்சம், 0.47னா 12 கிட்ட. ஆன் பண்ணி ப்ரீசெட்ட நூலளவு நூலளவா திருப்புங்க, சும்மா இருக்கற நம்பரு திடீர்னு தாவும். வெக்க வேண்டிய நம்பர்ல பாதி வந்ததும் நிறுத்தி பதினஞ்சு நிமிசம் சூடாக உட்டு மறுபடி பாத்து அப்பறம் முழுசா வெய்யுங்க. சூடாக சூடாக நம்பரு ஏறிட்டே போனா பயாஸ் ட்ரான்சிஸ்டர் ஹீட்சிங்க்ல ஒட்டாம தொங்கிட்டிருக்கான்னு பாருங்க, பாதி கேஸு அதுதான். எங்கூர்ல பக்கத்துத் தோட்டத்துல போர் மோட்டார் போட்டா வோல்டேஜ் பொசுக்குனு எறங்கும், மீட்டரும் கூடவே எறங்கும், அதப் பாத்து ப்ரீசெட்ட ஏத்தி வெச்சறாதீங்க.

ஐசி ஆம்ப்பா இருந்தா, எல்எம்3886 மாதிரி, இந்த வேலையே இல்ல, ப்ரீசெட்டே இருக்காது.

கடைசியா ஒரு பழைய ஸ்பீக்கர மாட்டி சின்னச் சத்தத்துல பேஸ் கிட்டாரோட லோ ஈ கம்பிய தட்டுங்க, 41 ஹெர்ட்ஸ் அது. நோட்டு அடங்கற எடத்துல கரகரன்னு கேட்டா பயாஸ் கம்மி. எல்லாஞ் சரின்னா ப்ரீசெட் ஓரத்துல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வெச்சிருங்க, வண்டியில ஆடி நகராது, வேற ஆராச்சும் கை வெச்சிருந்தாலும் காட்டிக்குடுத்துரும். நான் வெக்கறது என்ற பொண்ணோட பாட்டில்ல இருந்து, செவப்ப எடுத்தா மட்டும் கண்டுபிடிச்சறாளுங்க.